முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, எடை 55 கிலோ. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். கஞ்சி, ரசம் சாதம்தான் இறங்குகிறது. முட்டை கொடுத்தால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார் பெரியம்மா. தொடை சூம்பிக்கொண்டே வருகிறது. என்ன செய்ய?
- வாசகி, தேனி

பதில்: பெரியம்மாவிடம் சொல்லுங்கள், சீழ் பிடிப்பது கிருமியால், முட்டை மேல் பழி வேண்டாம். என் மாமியாருக்கும் இதே பத்தியம் நடந்தது. ஒரு மாதத்தில் கட்டிலைவிட்டு எழவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். படுத்தே கிடந்தால் கரைவது இன்னும் வேகம்.

அம்மாவுக்கு நாளுக்கு 65 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கஞ்சியை நிறுத்த வேண்டாம். பாசிப்பருப்பைச் சரிபாதி போட்டுக் குழைய வேகவைத்து, பாலோ மோரோ கலந்து கொடுங்கள். காலையில் இரண்டு முட்டை, மதியம் முள் எடுத்த மீன், சாயங்காலம் சுண்டல். மாமியார் மீனைத் தொடமாட்டார், பன்னீரைப் பொடிமாஸ் என்று சொல்லித்தான் ஏமாற்றினேன்! வயிறு நிறைந்துவிட்டது என்றால் ரசத்தைக் குறையுங்கள், முட்டையை அல்ல.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். அப்புறம், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள். வேலை கொடுக்காத தசையில் புரதம் ஒட்டாது.