பழைய இந்தி நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

இந்தக் கேள்விக்கு பெரும்பாலும் திலீப் குமார், தேவ் ஆனந்த், ராஜ் கபூர் மூவரில் ஒருவர் பெயர்தான் பதிலாக வரும். நான் பல்ராஜ் சாஹ்னி கட்சி.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை இந்திப் படம் போட்டால், வேறு சேனல் கிடையாதே, புரிகிறதோ இல்லையோ உட்கார்ந்து பார்ப்போம். அப்படிப் பார்த்ததுதான் 'தோ பீகா ஜமீன்' (1953). 'இரண்டு பீகா நிலம்' என்று அர்த்தம், பீகா என்பது வடக்கே ஒரு நில அளவு. கல்கத்தா வீதியில் ஒருவர் கைரிக்‌ஷா இழுக்கிறார். முன்னால் போகும் இன்னொரு ரிக்‌ஷாவைப் பிடிக்கச் சொல்லி மேலே உட்கார்ந்திருப்பவன் காசை ஏற்றிக்கொண்டே போகிறான், இவரும் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், கடைசியில் சக்கரம் கழன்று ஆள் கீழே விழுகிறார். என் பாட்டி, "ஐயோ பாவம், யாரோ நெஜ ரிக்‌ஷாக்காரனையே பிடிச்சிட்டு வந்துட்டாங்க போல" என்றார். அந்த 'ரிக்‌ஷாக்காரர்' லாகூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவர், லண்டன் பிபிசியில் வேலை பார்த்தவர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பாட்டி நம்பியே இருக்க மாட்டார்.

நம்பாதது பாட்டி மட்டுமல்ல. படத்தின் இயக்குநர் பிமல் ராய்க்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. நன்றாக உடுத்திக்கொண்டு வெள்ளைக்காரத் தோரணையில் வந்து நின்ற ஆளைப் பார்த்து, இவர் எங்கே, கடனில் நிலம் போகிற ஏழை விவசாயி ஷம்பு எங்கே என்று தயங்கியிருக்கிறார். 1946இல் 'தர்த்தி கே லால்' படத்தில் வங்காளப் பஞ்சத்தில் அடிபட்ட விவசாயியாக நடித்ததைச் சொல்லித்தான் சாஹ்னி அந்த வாய்ப்பை வாங்கினார். வாங்கிய பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. பம்பாய் ஜோகேஷ்வரியில் ஊரை விட்டு வந்து மாடு வைத்துப் பிழைக்கும் பால்காரர்கள் இருந்தார்கள். அங்கே போய் அவர்கள் எப்படி உட்காருகிறார்கள், நடக்கிறார்கள், தலையில் துண்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கவும் பழகினார்.

இவ்வளவு செய்தும், படப்பிடிப்பு நடக்கும்போது 'நான் போலி, இந்த வேஷம் என்னால் முடியாது' என்று சோர்ந்து போய் உட்கார்ந்துவிட்டார். அப்போது நடுத்தர வயதுள்ள பீகார் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று விசாரிக்கிறார். இவர் படத்தின் கதையைச் சொல்கிறார். கேட்ட மனிதர் அழுகிறார். அவருடைய இரண்டு பீகா நிலமும் ஜமீன்தாரிடம் அடமானத்தில்தான் கிடக்கிறது, அதை மீட்கத்தான் அவரும் கல்கத்தா வந்து ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு நடிப்புக் கலை பற்றிப் படித்ததையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மனிதரையே மனசில் ஏற்றிக்கொண்டு நடித்ததாக சாஹ்னியே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். படத்தின் கடைசியில் ஷம்பு தன் நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுக்கிறான், காவல்காரன் அதையும் கீழே போட வைக்கிறான். அந்தக் கையை மறுபடி பாருங்கள்.

சரி, வாழ்க்கைக்கு வருகிறேன். 1913 மே 1 அன்று ராவல்பிண்டியில் பிறந்தார், இயற்பெயர் யுதிஷ்டிர். எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னி இவருடைய தம்பி. குடும்ப வியாபாரத்தில் மனசு ஒட்டாமல் சாந்திநிகேதனில் ஆசிரியர் வேலைக்குப் போனார், பிறகு சேவாகிராமில் காந்தியோடு கொஞ்ச நாள், போர்க்காலத்தில் லண்டன். திரும்பி வந்ததும் மனைவி தமயந்தியோடு இப்டா நாடக இயக்கத்தில் சேர்ந்தார். 1947இல் தமயந்தி இறந்துவிட்டார், கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். கம்யூனிஸ்ட் என்பதால் ஜெயில் வேறு. 'ஹல்சல்' படத்துக்கு ஜெயிலிலிருந்து பரோலில் வந்து நடித்துவிட்டுத் திரும்பிப் போவாராம், அந்தப் படத்தில் அவருக்கு என்ன வேஷம் தெரியுமா, ஜெயிலர்! குரு தத் இயக்கிய முதல் படமான 'பாஜி'க்குத் திரைக்கதை எழுதியதும் இவர்தான் என்பது பல பேருக்குத் தெரியாது.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. ஏவி.எம். தமிழில் வந்த 'குலதெய்வம்' கதையை 1957இல் 'பாபி' என்று இந்தியில் எடுத்தபோது மூத்த அண்ணனாக நடித்தவர் இவர், ஜோடி நம் பண்டரிபாய், இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. கண்ணீர்ப் படம்தான், ஆனாலும் சாஹ்னி வருகிற இடங்களில் மிகை இருக்காது.

இன்னொரு விஷயம். சாந்திநிகேதனில் இருந்தபோது தாகூர் இவரிடம், உன் தாய்மொழியில் எழுதுகிறாயா என்று கேட்டிருக்கிறார். பஞ்சாபிக்காரரான இவர் அப்போது இந்தியில் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தப் பேச்சு இவருக்குப் பிடிக்கவில்லை, வாதாடிப் பார்த்தார். ஆனால் பின்னாளில் பஞ்சாபியில் மட்டும்தான் எழுதுவது என்று மாறி, படப்பிடிப்புக்கே குர்முகி (பஞ்சாபி எழுத்து) டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போவார். 1972இல் டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அப்போதைய பெரிய நடிகர்களில் இப்படிப் பேசக்கூடிய இன்னொருவர் என் நினைவுக்கு வரவில்லை.

கடைசிப் படங்களில் ஒன்று 'கர்ம் ஹவா', எம்.எஸ். சத்யூ இயக்கியது. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவை விட்டுப் போக மனசில்லாத செருப்புத் தொழில் முதலாளி சலீம் மிர்சா. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ரயிலேறுகிறார்கள், பேங்கில் கடன் கிடைக்காது, வீடு கை மாறிப் போய்விடும், வாடகைக்கு வீடு தர ஆள் இருக்காது. மனிதர் குரலே உயர்த்த மாட்டார். மகள் தற்கொலை செய்துகொண்ட அறைக்குள் வந்து நிற்கும் இடத்திலும் வாய்விட்டு அழ மாட்டார். அவருடைய சொந்த மகள் ஷப்னம் 1972இல்தான் இறந்திருந்தார் என்று பின்னால் படித்துவிட்டு, அந்தக் காட்சியை என்னால் இரண்டாவது தடவை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

அந்தப் படத்துக்கு டப்பிங் பேசி முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, மாரடைப்பில் போய்விட்டார். தணிக்கைத் தகராறு முடிந்து படம் பரவலாக வெளியானது 1974இல்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் நேரே 'கர்ம் ஹவா'வுக்குப் போக வேண்டாம். 'வக்த்' (1965) படத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் பெண்டாட்டியைப் பார்த்து "ஏ மேரி ஜோஹ்ரா ஜபீன்" என்று பாடுகிறாரே, அதில் தொடங்குங்கள்.