ஜெனீவா சட்டம் மண்டபத்தில் செல்லுமா?

அண்ணே, மகள் சட்டம்தான் படிப்பேன், அதிலும் சர்வதேசத் தொழிலாளர் சட்டம்தான் என்று நிற்கிறாள், ஜெனீவாவில் நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கை நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் செல்லுமா என்று கேட்டீர்கள்.

நேராகச் செல்லாது. இந்தியா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையாக இருந்தாலும் நாடாளுமன்றம் சட்டமாக்கினால்தான் இங்கே அது சட்டம். ஆனால் நம் சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் உடன்படிக்கையைக் காட்டி வாதாடலாம். அரசியலமைப்பின் 51-வது பிரிவு அதற்குத் துணை நிற்கிறது.

டெல்லி மாநகராட்சியில் சாலை வேலைக்குப் பள்ளம் தோண்டிய பெண்கள், மஸ்டர் ரோல் என்னும் தினக்கூலிப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்தவர்கள். நிரந்தரம் இல்லை, அதனால் பேறுகால விடுப்பும் இல்லை என்றது நிர்வாகம். 2000-இல் உச்ச நீதிமன்றம், 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டம் இவர்களுக்கும் உண்டு என்றது. அதோடு விடவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 11-வது பிரிவை எடுத்து, இவர்களின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளேயே அது இருப்பதாக வாசிக்க வேண்டும் என்றது. தினக்கூலிக்கு ஏது ஒப்பந்தம்? எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

உங்கள் கதைக்கு வருவோம். மீன்பிடிப் படகில் வேலை, டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு. கணக்கு ஓனரின் நோட்டில். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 188-வது உடன்படிக்கை, 2007-இல் வந்தது, மீன்பிடித் தொழிலாளிக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பங்கு என்றால் அதை எப்படிக் கணக்கிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா இதை ஏற்கவில்லை. எனவே இதை வைத்து கேஸ் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகள் 138, 182 இரண்டையும் 2017-இல் ஏற்றது. அவற்றுக்குக் கோர்ட்டில் கனம் அதிகம். இந்த வித்தியாசம் தெரியாத வக்கீலை எதிர்த்தரப்பு ஒரே வரியில் உட்கார வைத்துவிடும்.

சேர்க்கை பெரிய சிக்கல் இல்லை. ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் பார்ப்பார்கள். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம், உள்ளதைச் சொல்கிறேன்: ஜூனியராக முதல் சில வருடங்கள் கிடைப்பது பஸ் செலவுக்குக் காணும், அவ்வளவுதான். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த டெல்லித் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவளை வாசிக்கச் சொல்லுங்கள். கிழிந்த வலையோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரிந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், விண்ணப்பம் போட்டுவிடலாம்.