கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் நடக்கும் குடிநோயாளர் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் அப்பா குடியை நிறுத்த வேண்டும் என்று தாமாகவே சொல்லத் தொடங்கியிருக்கிறார் என்றும், அவருக்குத் தமிழில்தான் மனம் திறந்து பேச வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறை இருக்கும் அதே பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த குடிநோயாளன். குடிக்காமல் 11 ஆண்டுகள் ஆகின்றன. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் எங்கள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமைப்பின் மரபுப்படி பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

கூட்டத்தைத் தேடும் முன் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். அதற்கடுத்த நாட்களில் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் நிலையும் வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவமனையில் இதற்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துச் சில நாட்களில் சமாளித்துவிடுவார்கள். கேரள எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் குடிமீட்பு மையம் உண்டு. 14405 என்ற எண்ணில் விசாரிக்கலாம். தமிழில் பேச வேண்டுமானால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416 இருக்கிறது.

“அவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்” என்று விற்கப்படும் பொடிகளை, யார் சிபாரிசு செய்தாலும், சோற்றிலோ காப்பியிலோ கலந்துவிடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்துவிட்டால், நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி, மோசமான நிலைக்குப் போய்விடுவார். அந்த மருந்து மருத்துவர் கண்காணிப்பில், குடிப்பவர் அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டியது.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதை எல்லோரும் ஏ.ஏ. என்றே சொல்கிறோம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போயிருந்த பில் என்பவர், அப்போதுதான் குடியை நிறுத்தியிருந்தவர், விடுதியில் தனியாக நின்றபோது மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடித் தொலைபேசியில் பலரை அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் என்ற மருத்துவர். அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதிலிருந்துதான் இந்த இயக்கம் பிறந்தது. இங்கே பேச்சுதான் மருந்து. ஆகவே மொழி சின்ன விஷயமே அல்ல.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதலில் பாலக்காட்டில் ஒரு மலையாளக் கூட்டத்துக்குப் போனேன். அவர்கள் காட்டிய அன்பில் ஒரு குறையும் இல்லை. சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது. கடையிலும் பேருந்திலும் நன்றாகவே மலையாளம் பேசுகிற எனக்கு, என் மகளின் காதணியை அடகு வைத்துக் குடித்ததை அந்த மொழியில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று மாதம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் குடித்தேன். பிறகு அந்தக் கூட்டத்து மூத்தவர் ஒருவரே கோயம்புத்தூரில் நடக்கும் தமிழ்க் கூட்டத்தின் விவரத்தை எழுதிக் கொடுத்தார். வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் போனேன். அங்கேதான் அந்தக் காதணியைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். கேட்டவர்களில் இருவர் தாங்களும் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே பாலக்காடு மாவட்டத்துக்குள் மட்டும் தேடாதீர்கள். பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கமும் விசாரியுங்கள். இந்தப் பக்கம் கள்ளுக்கடைக்கும் அந்தப் பக்கம் டாஸ்மாக்குக்கும் எல்லையைத் தாண்டுவது நம் ஊரில் பலருக்குப் பழக்கம்தானே, இதற்காகவும் தாண்டலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்ட விவரம் கிடைக்கும். ஆனால் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பல கூட்டங்கள் தேவாலய வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும் என்பதால், உங்கள் ஊர்ப் பங்குத்தந்தையையும் கேட்டுப் பாருங்கள். இடம் தேவாலயத்துடையதாக இருந்தாலும் இயக்கம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கட்டணம் கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. மூடிய கூட்டத்தில் குடிநோயாளர்கள் மட்டுமே உட்காருவார்கள். திறந்த கூட்டத்துக்கு நீங்களும் உடன் போகலாம் என்பதால், முதல் முறை அதையே கேட்டு வாங்குங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. 1951இல் குடிநோயாளர்களின் குடும்பத்தினருக்காகவே தொடங்கியது. அப்பா வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

மாலைக் கூட்டம் என்றால் திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். முதல் சில வாரங்கள் அவரைத் தனியாக விடாமல், கள்ளுக்கடை இல்லாத நிறுத்தமாகப் பார்த்து இறங்குங்கள். கூட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பது அங்கே உள்ள ஒழுங்கு. ஆகவே வீடு திரும்பும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்காமல், அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் கேளுங்கள்.