பட்டாம்பூச்சி மறுபடியும் முட்டைக்குள் போகுமா?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு. பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை சார்ட்டில் வரைந்து பள்ளிக்குக் கொடுத்தனுப்பினோம். அன்று ராத்திரி, "பட்டாம்பூச்சி திரும்ப எப்படிம்மா முட்டைக்குள்ள போகும்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது மாடியில் இருக்கிறோம், சின்ன பால்கனிதான். இதையெல்லாம் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது?

பதில்: உங்கள் மகள் சார்ட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். அதில் நாலு அம்புக்குறிகள் இருக்கும். முட்டை புழுவாகிறது, புழு கூட்டுப்புழுவாகிறது, கூட்டுப்புழு பட்டாம்பூச்சியாகிறது. இந்த மூன்று அம்புகளுக்கும் 'இதுவே அதுவாக மாறும்' என்று பொருள். நாலாவது அம்பு மட்டும் வேறு. பட்டாம்பூச்சி முட்டையாக மாறுவதில்லை, முட்டை இடுகிறது. சில வாரங்களில் செத்தும் போகிறது. நாலையும் ஒரே மாதிரி வரைந்தால் பிள்ளை வேறென்ன நினைக்கும்?

அவளை உட்காரவைத்து வேறு படம் வரையச் சொல்லுங்கள். மேலே ஒரு அம்மா பட்டாம்பூச்சி. கீழே பத்து முட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு கோடு எறும்பிடம் முடியட்டும், இன்னொன்று குருவியிடம், மற்றொன்று சிலந்தியிடம். ஒன்றோ இரண்டோ மட்டும் பட்டாம்பூச்சி வரை போகட்டும். பாட்டி, அம்மா, அவள் என்று வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அப்பா பட்டாம்பூச்சியும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வயதுக்குப் போதும்.

அப்புறம், பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள், மருந்து மட்டும் அடிக்காதீர்கள். லைம், காமன் மார்மன் என்ற இரண்டு வகைப் பட்டாம்பூச்சிகள் இந்தச் செடியைத் தேடி வரும். இரண்டாவது மாடியெல்லாம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. தாய்ப்பூச்சி காலால் இலையைத் தொட்டு ருசி பார்த்துவிட்டு, கொழுந்தில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். வெளிர் மஞ்சளாக, கடுகைவிடச் சிறிய உருண்டை. மூன்று நாலு நாளில் பொரியும். சின்னப் புழுவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்: பழுப்பும் வெள்ளையுமாக அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சம் என்று நினைத்து நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். நாலாவது தடவை தோலை உரித்ததும் பச்சையாகிவிடும். அப்போது மெல்லிய குச்சியால் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டால், செம்மஞ்சளிலோ சிவப்பிலோ இரட்டைக் கொம்பு எட்டிப் பார்க்கும், கூடவே காட்டமான ஒரு நெடி. ஒரு தடவை காட்டினால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் புழுவை, வாயில் வலைத்துணி கட்டிய ஒரு பெரிய பாட்டிலுக்கு மாற்றலாம். உள்ளே சாய்வாக ஒரு குச்சி, அடியில் டிஷ்யூ பேப்பர், தினமும் உங்கள் செடியின் புது இலை. கடைக் கறிவேப்பிலை வேண்டாம், பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம். திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் புழு அங்குமிங்கும் அலைந்தால் கூடு கட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கூடு கட்டும் என்று நாம் சொன்னாலும், பட்டுப்புழு மாதிரி நூலைச் சுற்றிக்கொள்வதில்லை. இடுப்பில் ஒரு நூலை மாட்டி, மின்கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்து நிற்கும் லைன்மேன் போல நிற்கும். மறுநாள் தோல் உரிந்தால் உள்ளே இருப்பதுதான் கூட்டுப்புழு.

பத்து நாள் போல ஆகும். கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலை சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். வெளியே வரும் பூச்சியின் இறக்கை கசங்கிய துணி மாதிரி இருக்கும். பாவமாக இருக்கிறதே என்று விரித்துவிடக் கூடாது. உடம்பிலிருந்து நீரை இறக்கைக்குள் ஏற்றி அதுவே விரித்துக்கொள்ளும். காய்ந்ததும் பால்கனியிலேயே விட்டுவிடுங்கள்.

செடிக்கும் இதே குழப்பம் உண்டு. பஞ்சில் பயறு முளைத்ததும் போட்டோ எடுத்துவிட்டுக் குப்பையில் போடுகிறோம். அது பாதிக் கதைகூட இல்லை. ஐந்தாறு பச்சைப்பயறை வெயில் படும் தொட்டியில் ஊன்றுங்கள். ஐந்தாறு வாரத்தில் மஞ்சள் பூ, இரண்டு மாதம் கடந்தால் காய்ந்த நெற்று. ஒரு நெற்றை அவளையே உடைக்கச் சொல்லி உள்ளே எத்தனை என்று எண்ணவிடுங்கள். பத்துப் பக்கம் இருக்கும். பிறகு, "நாம ஊன்றின பயறு எங்கே?" என்று கேளுங்கள். செடியைப் பிடுங்கித் தேடிப் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சில கூடுகள் திறக்கவே திறக்காது. மூன்று வாரமாகியும் அசைவில்லை, ஓட்டில் குண்டூசித் துளை போல ஏதோ தெரிகிறது என்றால், ஒரு குட்டிக் குளவி முன்பே அதில் முட்டையிட்டிருக்கும். அவள் அழக்கூடும். அழட்டும், அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லென்ஸை எடுத்துக் கொடுத்து அந்தத் துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து முட்டைப் படத்தில் குளவிக்கும் ஒரு கோடு போட வேண்டியிருக்கும்.