ஃபைனல் ஃபேன்டஸி பாட்டு விளையாட்டு வாங்கலாமா?

கேள்வி: என் மகன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஃபைனல் ஃபேன்டஸி கேம்கள் என்றால் அவனுக்கு உயிர். பிறந்தநாளுக்கு அந்த வரிசையில் வந்த ‘தியேட்ரிதம் ஃபைனல் பார் லைன்’ வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஸீல் பிரித்த டிஸ்க்கைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். இது பாட்டுக்கு ஏற்ப பட்டன் அழுத்துகிற விளையாட்டாமே, அவனுக்குப் பிடிக்குமா? டிஸ்க் வாங்குவதா, டிஜிட்டலாக வாங்குவதா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: உங்கள் மகன் அந்த கேம்களின் பாட்டுகளை விளையாடாத நேரத்திலும் கேட்கிறானா? பஸ்ஸில் போகும்போது, படிக்கும்போது இயர்போனில் அவை ஓடுகின்றனவா? ஆமாம் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். கதைக்காகவும் ஊர் ஊராகச் சுற்றுவதற்காகவும்தான் அவன் விளையாடுகிறான் என்றால் வேண்டாம். இதில் கதை என்று ஒன்றும் கிடையாது.

2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்த கேம் இது. முதல் ஃபைனல் ஃபேன்டஸி 1987-இல் வந்தது. அதிலிருந்து சேர்ந்த பாட்டுகளில் 385-ஐ இதில் வைத்திருக்கிறார்கள். முதல் ஒன்பது பாகங்களுக்கும் இசையமைத்த நொபுவோ உஎமட்சுவின் மெட்டுகளோடு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய பொக்கிஷம்.

விளையாடும் முறை எளிது. பாட்டு ஓட ஓடத் திரையில் வட்டங்கள் நகர்ந்து வரும். சிவப்பு வந்தால் ஒரு தட்டு, பச்சை வந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும், மஞ்சள் வந்தால் அது காட்டும் திசையில் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். எந்த பட்டனை அழுத்தினாலும் சரி என்பதால் விரல் மாறிப்போகுமோ என்ற பயம் இல்லை. சண்டைப் பாட்டில் நாலு வரிசையாக வட்டங்கள் பாயும். பயணப் பாட்டில் பச்சைக் கோடு அலையாக ஏறி இறங்கும், ராகத்தோடு சேர்ந்து ஸ்டிக்கும் ஏறி இறங்க வேண்டும். இந்தப் பயணப் பாட்டுகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சபாவில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கச்சேரி கேட்பவருக்குக் கிடைக்கும் லயிப்பு இதிலும் கிடைக்கிறது. நூறு தடவை கேட்ட பாட்டில்கூட, இதுவரை கவனிக்காத ஒரு சின்ன வாத்தியம் திடீரென்று காதில் விழும். ஒரே பட்டனில் ஆடும் முறையும் உண்டு, நீங்களும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. எல்லாப் பாட்டும் முதல் நாளே திறந்து கிடக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சாவி வேண்டும், விளையாடி விளையாடித்தான் சாவி சேரும். பிடித்த பாட்டு வேறு பாகத்தில் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். பாட்டுக்குப் பின்னால் பொம்மை மாதிரிச் சின்ன உருவங்கள் அரக்கர்களோடு மோதிக்கொண்டிருக்கும். கண் வட்டங்களை விட்டு நகரக் கூடாது என்பதால் அந்தச் சண்டையை யாரும் பார்க்கப்போவதில்லை. அவற்றை லெவல் ஏற்றுவதும் அட்டை சேர்ப்பதும் சீக்கிரம் சலித்துவிடும்.

அப்புறம் விலை விஷயம். 385 என்பது சாதாரணப் பதிப்பின் கணக்கு. இன்னும் 27 பாட்டுகள் டிஜிட்டல் டீலக்ஸ் பதிப்பில்தான் வரும். ஃபைனல் ஃபேன்டஸியை வெளியிடும் கம்பெனியின் வேறு கேம்களிலிருந்து எடுத்த 90 பாட்டுகளை மூன்று சீசன் பாஸாகப் பிரித்துத் தனியாக விற்கிறார்கள். முழு விலை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரணப் பதிப்பு தாராளமாகப் போதும், முதலில் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொல்லும் டிஸ்க்கை வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பி, அது எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். டிஸ்க் ஒரு பிராந்தியத்துடையதாகவும் மகனின் பிளேஸ்டேஷன் கணக்கு வேறு பிராந்தியத்துடையதாகவும் இருந்தால் கேம் ஓடும். ஆனால் பின்னால் வாங்கும் கூடுதல் பாட்டுகள் அதில் சேராது. ஸீல் பிரித்த பெட்டியில் டவுன்லோடு கோட் (code) அச்சிட்ட சீட்டு ஏதாவது இருந்தால் அந்தக் கோடை யாராவது ஏற்கனவே பயன்படுத்தியிருப்பார்கள், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். டிஸ்க்கின் பின்பக்கத்தைக் குழல் விளக்குக்கு நேராகச் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம் என்பதால் என் ஓட்டு டிஸ்க்குக்குத்தான். அடுத்து பிளேஸ்டேஷன் 5 வாங்கினாலும், டிஸ்க் போடும் வசதி உள்ளதாக வாங்கினால் இதே டிஸ்க் ஓடும். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் கையில் இருந்து, பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

டிஜிட்டல்தான் என்றால், வாங்கிய 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் இலவச டெமோவை இறக்கிக் கொடுங்கள். 30 பாட்டுகள் இருக்கின்றன, அதில் ஆடியதை அப்படியே முழு கேமுக்குக் கொண்டுபோகலாம். பிறந்தநாள் ரகசியம் கொஞ்சம் உடையும், பரவாயில்லை. ஆடும்போது டிவியை ‘கேம் மோடு’க்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் ஒரு இமைப்பொழுது பிந்தி வரும், சரியாகத் தட்டினாலும் தப்பு என்று காட்டும். ஹெட்போன் வேண்டுமென்றால் கன்ட்ரோலரில் செருகுகிற ஒயர் ஹெட்போனே போதும், வீட்டில் பழையது இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம்.