பூக்களை எழுப்பாத குரல்

அன்புள்ள ஐயா,

எப்போதோ நீங்கள் எழுதிய ஒரு குறிப்பைப் படித்துவிட்டு யூடியூபில் ‘தோஸ் கார்தேனியாஸ்’ என்ற ஸ்பானிய மொழிப் பாட்டைத் தேடிக் கேட்டேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அன்று இரவு மட்டும் பதினோரு முறை கேட்டேன். பாடியவர் இப்ராஹிம் ஃபெரர் என்று போட்டிருந்தது. அவரைப் பற்றித் தேடினால் எங்கேயும் ஒரே கதைதான். கியூபாவின் ஹவானா நகரத் தெருவில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கிழவரை ஓர் அமெரிக்கர் கண்டுபிடித்தார், அவர் உலகப் புகழ் பெற்றார் என்று. அப்படியானால் எழுபது வயது வரைக்கும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அந்த வயதில் வரும் புகழால் ஒரு பாடகருக்கு என்ன பயன்? பாட்டைக் கேட்கும்போது இருந்த சந்தோஷம், கதையைப் படித்ததும் போய்விட்டது.

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்த கதையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. ஃபெரர் தொலைந்துபோனவர் அல்ல. ஐம்பது வருடம் மேடையில் நின்றவர். அவருக்குக் கிடைக்காமல் போனது புகழைவிடப் பெரிய ஒன்று என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

1927 பிப்ரவரி 20 அன்று கிழக்குக் கியூபாவில், சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள சான் லூயிஸில் பிறந்தார். 12 வயதில் அம்மா இறந்துவிட்டார். பையன் தெருவில் மிட்டாயும் பாப்கார்னும் விற்றான். அப்புறம் உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்து, விசேஷ வீடுகளில் பாடினான். அங்கிருந்து ஒவ்வொரு குழுவாக ஏறி வந்து, 1955இல் செப்பின் சோவென் இசைக்குழுவில் ‘எல் பிளாத்தானால் தெ பார்தோலோ’ என்ற பாட்டைப் பாடினார். பார்தோலோ என்பவனின் வாழைத்தோட்டத்தைப் பற்றிய துள்ளல் பாட்டு. கியூபாவில் அது பெரிய ஹிட். ஐம்பதுகளின் கடைசியில் ஹவானாவுக்கு வந்தார். பாச்சோ அலோன்சோவின் குழுவில் சேர்ந்தார். பிறகு லோஸ் போகுகோஸ் என்று பெயர் பெற்ற அந்தக் குழுவிலேயே 1991இல் ஓய்வு பெறும்வரை இருந்தார். கியூபாவின் மாபெரும் பாடகர் பென்னி மொரேவின் இசைக்குழுவிலும் கொஞ்ச காலம் பின்பாட்டு பாடியிருக்கிறார். எழுபது வயதுவரை என்ன செய்தார் என்று கேட்டீர்கள் அல்லவா? இதைத்தான் செய்தார்.

ஆனால் இந்த வருடங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வேகமான பாட்டுகள். சோன், குவாராச்சா வகைகள். ஆட வந்தவர்களைக் களைக்க விடாமல் வைத்திருக்கும் பாட்டுகள். அவற்றில் அவர் கெட்டிக்காரர். கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, இடையில் கிடைக்கும் இடைவெளியில் அந்தக் கணத்திலேயே வரிகளைக் கட்டி வீசுவார். அவர் மனம் முழுக்க ஆசைப்பட்டதோ போலேரோ. அதை அவருக்குக் கொடுக்கவில்லை. உன் குரல் போலேரோவுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள்.

போலேரோ என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்பெயினில் இதே பெயரில் ஒரு மூன்று தட்டு நடனம் உண்டு, அது வேறு. இது நான்கு தட்டு. நிதானமாகப் போகும் காதல் பாட்டு. 1880களில் சாந்தியாகோ நகரில், கிதாரோடு இரவில் பாடித் திரிந்தவர்களிடம் பிறந்தது. முதல் போலேரோவை இயற்றியவராகச் சொல்லப்படும் பெப்பே சாஞ்செஸ் ஒரு தையல்காரர். அங்கிருந்து மெக்சிகோவுக்குப் போய் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. 2023இல் யுனெஸ்கோ கியூபா, மெக்சிகோ இரண்டுக்கும் பொதுவான பண்பாட்டுச் செல்வமாக இதை அறிவித்தது. அதாவது, ஃபெரர் பிறந்த மண்ணிலேயே பிறந்த பாட்டு இது. அதைத்தான் அவருக்கு ஒத்துவராது என்றார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பித்தளை வாத்தியங்கள் நிரம்பிய குழுவின் முன்னால் நின்று பாடுகிறவருக்குக் கனத்த குரல் வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஃபெரரின் குரல் மெல்லியது. ஆனால் போலேரோ என்பதே ஒருவர் இன்னொருவர் காதருகில் சொல்வது. மைக் வந்தபிறகு அதற்குத் தொண்டை பெரிதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

சரி, 1996க்கு வருவோம். லண்டனிலிருந்து நிக் கோல்ட் என்ற தயாரிப்பாளரும் அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும் ஹவானாவுக்கு வந்தார்கள். (கூடர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. விஸ்வமோகன் பட்டோடு சேர்ந்து 1993இல் ஓர் அருமையான தொகுப்பை வெளியிட்டவர்.) மாலி நாட்டுக் கலைஞர்களையும் கியூபாக்காரர்களையும் சேர்த்து வாசிக்க வைப்பதுதான் திட்டம். மாலிக்காரர்களால் வர முடியவில்லை. ஸ்டுடியோவுக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது, ஆட்கள் இல்லை. அப்போது பழைய கலைஞர்களை ஊரெல்லாம் தேடிக் கூட்டி வந்தவர் யுவான் தெ மார்கோஸ் கொன்சாலெஸ் என்ற கியூப இசைக்கலைஞர். நீங்கள் படித்த கதையில் பெரும்பாலும் விட்டுப்போகிற பெயர் இதுதான். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பாட்டை யார் பாடினார்கள் என்று அவருக்குத் தெரியும். ஃபெரரைத் தேடி வந்து அழைத்துப் போனவர் அவரைப் போலவே ஒரு கியூபாக்காரர்தான்.

ஓய்வூதியம் போதாமல் ஃபெரர் அப்போது ஷூ பாலிஷ் போட்டுத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். பாடுவதை விட்டிருந்தார். ஸ்டுடியோவில் பியானோவில் இருந்தவர் 76 வயது ரூபன் கொன்சாலெஸ். வாசிக்கும்படியான பியானோ அவர் வீட்டிலேயே இல்லை. அந்தப் பியானோவோடு ஃபெரர் பாடியதுதான் நீங்கள் பதினோரு முறை கேட்ட பாட்டு. மொத்தத் தொகுப்பும் ஆறே நாட்களில் பதிவாகி, ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ என்ற பெயரில் 1997இல் வந்தது. அடுத்த வருடம் கிராமி விருது. அப்புறம் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கச்சேரி, ஜெர்மன் இயக்குநர் விம் வென்டர்ஸ் இவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் எல்லாம் உங்களுக்கு இணையத்திலேயே கிடைக்கும்.

உங்களுக்குப் புரியாத அந்த வரிகளின் பொருளைச் சொல்கிறேன். இயற்றியவர் இசோலினா கரியோ என்ற கியூபப் பெண். உனக்கு இரண்டு கார்டீனியாப் பூக்கள் தருகிறேன், அவை உன் இதயமும் என் இதயமும், நான் உன்னோடு இருக்கும்போது பேசுவதுபோல் அவை பேசும் என்று ஆரம்பிக்கிறது. ஆனால் ஒரு சாயங்காலம் அந்தப் பூக்கள் செத்துப்போனால், உன் மனதில் வேறொரு காதல் இருப்பதை அவை கண்டுகொண்டுவிட்டன என்று அர்த்தம். கார்டீனியா அழுத்தித் தொட்டாலே பழுப்பேறிவிடும் வெள்ளைப் பூ. மற்றவர்கள் இந்தக் கடைசி வரிகளைக் குற்றச்சாட்டாகப் பாடுவார்கள். ஃபெரர் அப்படிப் பாடவில்லை. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து, அந்தப் பூ வாடியதற்கு இரங்குவதுபோல் பாடுகிறார். வேகப் பாட்டுகளில் கற்ற நேரக் கணக்கு இது. இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு வருடம் காத்திருந்ததால்தான் இப்படிப் பாட முடிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரோ செய்த தவறான தீர்ப்புக்கு நாம் ஏன் நியாயம் கற்பிக்க வேண்டும்? 30 வயதில் அவர் இந்தப் பாட்டைப் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. உங்கள் வருத்தத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் என் வருத்தம் தாமதமாக வந்த புகழுக்காக அல்ல, பதிவாகாமல் போன அந்தப் போலேரோக்களுக்காக.

புகழை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றால், நல்லபடியாகவே. 2000இல், 73 வயதில், சிறந்த புதுமுகத்துக்கான லத்தீன் கிராமி அவருக்குக் கிடைத்தது. 2004இல் மறுபடி கிராமி விருது. வாங்கப் போக அமெரிக்கா விசா தரவில்லை. வீட்டில் ஏழைகளின் காவலரான புனித லாசரஸுக்கு ஒரு பீடம் வைத்து, தேனும் ரம்மும் படைத்து வந்தார். 2005 ஆகஸ்ட் 6 அன்று, ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பிய கையோடு ஹவானாவில் இறந்தார். அப்போது அவர் செய்துகொண்டிருந்தது முழுக்க முழுக்கப் போலேரோக்களாலான ஒரு தொகுப்பு. அவர் போனபின் வெளியானது. பெயர் ‘மி சுவேனோ’. என் கனவு என்று பொருள்.

அடுத்து ‘சிலென்சியோ’ கேளுங்கள். புவேர்த்தோ ரிக்கோவின் ரஃபேல் எர்னாந்தெஸ் இயற்றியது. கியூபப் பாடகி ஓமாரா போர்த்துவோந்தோவோடு சேர்ந்து ஃபெரர் பாடியிருக்கிறார். இதிலும் பூக்கள்தான். தோட்டத்தில் லில்லியும் சம்பங்கியும் தூங்குகின்றன, சத்தம் போடாதீர்கள், நான் அழுவதைப் பார்த்தால் அவை செத்துவிடும். வென்டர்ஸின் படத்தில் இந்தப் பாட்டு முடியும்போது ஓமாராவின் கண்கள் நிறைந்துவிடுகின்றன. ஃபெரர் அருகில் போய் அவர் கன்னத்தைத் துடைத்துவிடுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.