வடசேரி கோயில் நகை எப்படிச் செய்கிறார்கள், அது முழுக்கத் தங்கமா?

முழுத் தங்கம் இல்லை, பெரும்பாலும் அடியில் இருப்பது வெள்ளிதான். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று போடுகிறார்களே, அதற்கெல்லாம் பேர்போன இடம் நாகர்கோவில் வடசேரி. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

வெள்ளித் தகட்டை வடிவத்துக்கு வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய வெள்ளிப் பட்டையால் சின்னச் சின்னக் கூடு கட்டிப் பற்றவைப்பார்கள். அப்புறம் கூட்டுக்குள் அரக்கு நிரப்பி, அது இளகியிருக்கும்போதே சிவப்புக் கெம்புக் கல்லை அழுத்தி உட்கார வைக்கிறார்கள். நிஜமான வேலையே இனிமேல்தான்: கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை, முனை மழுங்கிய கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி அழுத்தி, விளிம்பு பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும், கண்ணும் கையும் ஒருசேர ஓய்ந்துபோகும் வேலை.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருவது அச்சில் வார்த்த கவரிங், அதோடு இதன் விலையை ஒப்பிடாதீர்கள். வாங்கினால் வெந்நீர் படாமல் வையுங்கள், உள்ளே அரக்கு இருக்கிறது.